அறிந்தபின் உள்ள காலம்

புற்றுநோய்ச் சிகிச்சை முடிந்து வீடு திரும்புகிறவரின் மருத்துவக் கோப்பில் பெரும்பாலும் கடைசியாக எழுதப்படும் வாசகம், நோய்க்கான அடையாளம் எதுவும் தென்படவில்லை என்பதாகும். ஸ்கேனுக்கும் இரத்தச் சோதனைக்கும் எட்டுகிற அளவில் கட்டி ஏதுமில்லை என்பதற்கு மேல் அது எதையும் உறுதி சொல்வதில்லை. ஆனால் மாதக்கணக்கில் மருந்து வாடையிலும் காத்திருப்பு வரிசைகளிலும் கழிந்த ஒரு குடும்பம் அதைக் 'குணமாகிவிட்டது' என்றே கேட்டுக்கொள்கிறது. பழனியில் மொட்டை போட்டு நேர்த்திக்கடன் தீர்க்கப்படுகிறது, சமயபுரத்தில் மாவிளக்கு ஏற்றப்படுகிறது, அடகுக்கடையிலிருந்து நகை ஒவ்வொன்றாக மீட்கப்படுகிறது. மருத்துவம் சொன்னதற்கும் வீடு கேட்டுக்கொண்டதற்கும் நடுவே உள்ள அந்த இடைவெளியில்தான் நோய் திரும்பி வருகிறது. அப்போது நோயாளிக்கு நேர்வதைப் பற்றி ஓரளவு எழுதப்பட்டுள்ளது. உடனிருந்து எல்லாவற்றையும் பார்த்த கணவனுக்கோ மனைவிக்கோ நேர்வது என்ன என்பது அவ்வளவாகப் பேசப்பட்டதில்லை.

திரும்பி வரும் நோயை மருத்துவம் மூன்றாகப் பிரித்துப் பார்க்கிறது. முதலில் கட்டி இருந்த இடத்திலேயே மீண்டும் தோன்றுவது ஒன்று. அதையடுத்த நிணநீர் முடிச்சுகளில் தோன்றுவது இன்னொன்று. எலும்பு, கல்லீரல், நுரையீரல், மூளை முதலிய தொலைவான உறுப்புகளில் தோன்றுவது மூன்றாவது. முதலிரண்டிலும் முழுக் குணத்தை நோக்கி மறுபடி சிகிச்சை தர இயலும் நேர்வுகள் பல உண்டு. மூன்றாவதில் நோயைக் கட்டுக்குள் வைத்து நாட்களைச் சுமையின்றி நீட்டிப்பதே பெரும்பாலும் நோக்கமாகிறது. எங்கிருந்து அது வந்தது என்ற கேள்விக்கான விடையின் தொடக்கம் பழையது. லண்டன் அறுவை மருத்துவர் ஸ்டீபன் பேஜெட், மார்பகப் புற்றால் இறந்த 735 பெண்களின் பிணப்பரிசோதனைக் குறிப்புகளை ஆராய்ந்து, புற்றணுக்கள் விதைகளைப் போல எங்கும் சிதறினாலும் தமக்கேற்ற மண்ணில் மட்டுமே முளைக்கின்றன என்று 1889இல் எழுதினார். அவ்வாறு சிதறிய அணுக்கள் எலும்பு மச்சை போன்ற இடங்களில், பிளவுறாமலும் இறவாமலும், ஆண்டுக்கணக்கில் உறங்குநிலையில் கிடக்க முடியும் என்பது பின்னர் தெளிவாயிற்று. ஈஸ்ட்ரோஜனைச் சார்ந்து வளரும் மார்பகப் புற்றுக்கு ஐந்தாண்டு மாத்திரைச் சிகிச்சை முடித்து, அதுவரை நோயின்றி இருந்த 62,923 பெண்களின் விவரங்களைத் தொகுத்து 2017இல் வெளியான ஆய்வு, ஐந்தாம் ஆண்டிலிருந்து இருபதாம் ஆண்டு வரையிலும் நோய் திரும்புவது நிற்காமல் சீராகத் தொடர்ந்ததைக் காட்டியது.

இந்த உயிரியல் செய்தி துணைவருக்கு முக்கியமானது. ஏனெனில் நோய் திரும்பியதை அறிந்த நாளில் அவர் முதலில் தேடுவது ஒரு குற்றவாளியை, அந்தத் தேடல் பெரும்பாலும் அவரிடமே வந்து முடிகிறது. பத்தியத்தில் எங்கே பிசகு நேர்ந்தது, கல்யாண வேலைக்காகத் தள்ளிப்போட்ட அந்த ஒரு செக்கப்பினாலா, வேறு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்க வேண்டுமா என்று கேள்விகள் வரிசை கட்டுகின்றன. பெரும்பாலான நேர்வுகளில் இவற்றுள் எதுவும் காரணமில்லை. அந்த அணுக்கள் முதல் அறுவைச் சிகிச்சைக்கு முன்பே தம் இடத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். ஆயினும் நேர்த்திக்கடனை முறையாகத் தீர்த்த ஒருவருக்குத் தெய்வத்தோடும் ஒரு வழக்கு மிஞ்சிவிடுகிறது. கொடுக்க வேண்டியதைக் கொடுத்துக் கணக்கு நேரானபின், மீண்டும் எதைச் சொல்லி வேண்டிக்கொள்வது என்று அவருக்குத் தெரிவதில்லை.

*

முதல் முறை நோய் வந்தபோது துணைவருக்கு ஒரு பாதுகாப்பு இருந்தது: அவருக்கு எதுவும் தெரியாது. எந்த மாடியில் இரத்தம் எடுப்பார்கள், எந்த மருந்துக்கு எது பின்விளைவு என்பதெல்லாம் அன்றன்று தெரிந்துகொண்டவை. நாளைய துன்பம் நாளைக்குத்தான் தெரியவந்தது. இரண்டாம் முறை அந்த அறியாமை கிடையாது. கீமோ ஏறிய நாளின் மாலையிலா மறுநாளா குமட்டல் தொடங்கும், எவர்சில்வர் தம்ளரில் தண்ணீர் கொடுத்தால் உலோகச் சுவை அடிக்கிறது என்று எப்போது கண்ணாடித் தம்ளருக்கு மாற வேண்டும், பத்தாம் நாளையொட்டி வெள்ளணுக்கள் குறையும்போது எந்தெந்த உறவினரை வாசலோடு திருப்பி அனுப்ப வேண்டும், தெர்மாமீட்டர் நூறைத் தாண்டினால் விடியும்வரை காத்திருக்காமல் ஏன் ஆட்டோ பிடிக்க வேண்டும் என்பதெல்லாம் அவருக்குப் பாடம். ஒரு தேர்ந்த செவிலியருக்குரிய இந்த அறிவு, அன்பினால் சேர்ந்தது. அதுவே இப்போது வரப்போகும் ஒவ்வொரு வாரத்தையும் முன்கூட்டியே அவருக்குக் காட்டிவிடுகிறது.

மார்பில் கட்டி வந்து சிகிச்சை பெற்ற அமெரிக்க மருத்துவர் ஃபிட்ஸ்ஹ்யூ முல்லன், நோயோடு பிழைத்திருத்தலை மூன்று பருவங்களாக 1985இல் வகுத்தார்: சிகிச்சை நடக்கும் கடும் பருவம், சிகிச்சை முடிந்தபின் அச்சத்தோடு காத்திருக்கும் நீட்டிப்புப் பருவம், நோய் திரும்புவதற்கான வாய்ப்பு மிகக் குறைந்துபோன நிலைத்த பருவம். நோய் திரும்புகிறபோது தம்பதியர் முதற்பருவத்துக்கே திரும்பிப் போவதாகத் தோன்றும். உண்மையில் அவர்கள் போய்ச் சேருவது முல்லனின் வகைப்பாட்டில் தெளிவான பெயரில்லாத வேறொரு பருவம். அங்கே சிகிச்சை உண்டு, 'இத்தனையாவது சுற்றோடு முடிந்தது' என்று சொல்லத்தக்க முடிவு பல வேளைகளில் இல்லை. முதல் முறையில் நாட்காட்டியில் சுற்றுகளை அடித்துக்கொண்டே வந்த கை, இம்முறை எதை அடிப்பது என்று தெரியாமல் நிற்கிறது. ஆகவே மறுவருகையின் தனிச்சுமை அறிந்திருத்தலின் சுமை என்று கொண்டால், துணைவர் எதிர்கொள்ளும் கேள்விகள் மூன்றாகத் திரளும்: எப்போது அறிவது, யார் யார் அறிவது, அறிந்ததை வைத்து என்ன செய்வது.

*

முதற்கேள்விக்கு ஆங்கில எழுத்தாளர் சி. எஸ். லூயிஸின் மணவாழ்க்கை ஒரு கூர்மையான எடுத்துக்காட்டு. அமெரிக்கக் கவிஞரான ஜாய் டேவிட்மனை அவர் 1956 ஏப்ரலில் பதிவுத் திருமணம் செய்துகொண்டார். ஜாய் இங்கிலாந்தில் தங்க உரிமை பெறுவதற்கான ஏற்பாடாகவே அது முதலில் இருந்தது. அவ்வாண்டு அக்டோபரில் ஜாயின் தொடையெலும்பு முறிந்தபோது எடுத்த படத்தில், மார்பில் தொடங்கிய புற்று எலும்புகளுக்குப் பரவியிருந்தது தெரிந்தது. பிழைக்கமாட்டார் என்ற நிலையில், 1957 மார்ச்சில் மருத்துவமனைப் படுக்கையருகே பாதிரியார் பீட்டர் பைட் கிறித்தவ முறைப்படி மணச்சடங்கை நடத்திவைத்தார். அதன்பின் யாரும் எதிர்பாராதபடி நோய் தணிந்தது. அரித்துப்போன எலும்பு மீண்டும் கெட்டிப்பட்டது. அவ்வாண்டு முடிவதற்குள் ஜாய் நடமாடத் தொடங்கினார். இருவரும் அயர்லாந்துக்குப் பயணம் போனார்கள்.

1959 அக்டோபரில் வழக்கமான பரிசோதனைக்குப் போனபோது நோய் திரும்பியிருந்தது தெரியவந்தது. ஜாய் அப்போது நலமாக உணர்ந்தார். அந்த ஒரு பரிசோதனைக்கு மட்டும்தான் அஞ்சாமல் போனதாக லூயிஸ் கடிதத்தில் எழுதினார். உடல் சொல்லாததைப் படம் சொல்லிவிட்டது. அந்த அறிதலுக்கும் ஜாயின் இறப்புக்கும் இடையில் ஒன்பது மாதங்கள் இருந்தன. அறியாமலே இருந்திருந்தால் அவற்றுள் சில மாதங்களேனும் அச்சமின்றிக் கழிந்திருக்கும் என்று வாதிடலாம். ஆனால் 1960 ஏப்ரலில் அவர்கள் நண்பர் ரோஜர் லான்ஸ்லின் கிரீனோடும் அவர் மனைவியோடும் கிரேக்கத்துக்குப் போனார்கள்; இளமையிலிருந்தே காண விரும்பிய அக்ரோபோலிஸ் குன்றில் ஜாய் வலியோடு ஏறினார், மைசினியின் சிங்க வாயிலுக்கும் நடந்து போனார். திரும்பிய அடுத்த மாதம் மார்பில் அறுவைச் சிகிச்சை, ஜூலை 13 அன்று மரணம். நோய் திரும்பியது தெரியாதிருந்தால் அந்தப் பயணம் அடுத்த ஆண்டுக்கு, அதற்கடுத்த ஆண்டுக்கு என்று தள்ளிப்போயிருக்கக் கூடும். அறிதல் அவர்களிடமிருந்து நிம்மதியை எடுத்துக்கொண்டு ஒரு காலக்கெடுவைக் கொடுத்தது. அந்தக் கெடுவை அவர்கள் வீணாக்கவில்லை.

எப்போது அறிவது என்ற கேள்விக்கு மருத்துவ ஆய்வு தந்த விடை இன்னும் சிக்கலானது. சூலகப் புற்று திரும்புவதை, வலியோ வீக்கமோ தோன்றுவதற்குப் பல மாதங்கள் முன்பே, இரத்தத்தில் சிஏ-125 என்னும் புரதத்தின் அளவு உயர்வதைக் கொண்டு கணிக்கலாம். முன்கூட்டி அறிந்து உடனே கீமோ தொடங்கினால் ஆயுள் கூடுமா என்று சோதித்த ஐரோப்பிய ஆய்வு 2010இல் லான்செட் இதழில் வெளியானது. அதில் மூன்று மாதத்துக்கொருமுறை இரத்தம் எடுக்கப்பட்டது. அளவு என்ன என்பது அந்தப் பெண்ணுக்கும் தெரியாது, அவருடைய மருத்துவருக்கும் தெரியாது. அளவு குறித்த வரம்பைத் தாண்டிய 529 பெண்களில் ஒரு பாதியினருக்கு உடனே சிகிச்சை தொடங்கியது; மறுபாதியினருக்கு உபாதை தோன்றியபிறகே தொடங்கியது. முதற்பிரிவினருக்கு ஐந்து மாத அளவில் முன்னதாகவே கீமோ ஆரம்பித்தும் இரு பிரிவினரின் ஆயுளிலும் வேறுபாடு தென்படவில்லை; முன்னதாகத் தொடங்கியோரின் நலவாழ்வு விரைவில் குன்றியதே மிச்சம். இம்முடிவை எல்லாப் புற்றுக்கும் பொருத்திவிட இயலாது. பெருங்குடலிலிருந்து கல்லீரலுக்குப் பரவிய சில கட்டிகளைக் காலத்தில் கண்டால் அறுத்து நீக்கி விடலாம். எனினும் சூலகப் புற்றாய்வு ஒரு பொது உண்மையைத் தொட்டது. துணைவருக்கு அடுத்த சோதனை எண் ஒரு பிடிமானம். நோயாளிக்கு அதே எண் தன் அடுத்த மூன்று மாதங்களின் நிறத்தைத் தீர்மானிக்கும் தீர்ப்பு. ஒரே காகிதத்தை இருவரும் ஒரே வேகத்தில் அறிய விரும்பவேண்டும் என்ற கட்டாயம் கிடையாது.

*

யார் யார் அறிவது என்ற இரண்டாம் கேள்வி தமிழ்க் குடும்பங்களில் மருத்துவர் அறை வாசலிலேயே எழுகிறது. நோயாளியை வெளியே பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு, 'அவங்ககிட்ட மட்டும் சொல்லிடாதீங்க டாக்டர், தாங்கமாட்டாங்க' என்று கேட்டுக்கொள்வது இங்கே அக்கறையின் வழக்கமான மொழி. பார்னி கிளேசர், ஆன்செல்ம் ஸ்ட்ராஸ் என்னும் இரு சமூகவியலாளர்கள், சான் பிரான்சிஸ்கோ வட்டார மருத்துவமனைகளில் ஆய்வு செய்து 1965இல் வெளியிட்ட நூலில், இறப்பை நெருங்குவோரைச் சூழ்ந்த அறிவுநிலைகளை நான்காகப் பிரித்தனர். நோயாளிக்கு மட்டும் தெரியாத மூடிய நிலை. அவர் சந்தேகிக்கும் நிலை. இருதரப்பும் அறிந்தும் அறியாததுபோல் நடிக்கும் பரஸ்பரப் பாசாங்கு. வெளிப்படையாகப் பேசிக்கொள்ளும் திறந்த நிலை. முதல்முறை நோயில் மூடிய நிலை சில நாட்களேனும் செல்லுபடியாகக் கூடும். திரும்பிவந்த நோயில் அதற்கு வழியே இல்லை. கீமோ வார்டில் பக்கத்துப் படுக்கைக்காரர்களோடு மாதக்கணக்கில் பேசியவர் அவர். சிவப்பு நிற மருந்து ஏறினால் முடி கொட்டும் என்று தெரிந்தவர். கதிர்ச் சிகிச்சையைக் குறிக்கும் 'கரண்டு வைக்கணும்' என்ற சொல்லுக்கு உடம்பால் பொருள் அறிந்தவர். அவரிடம் 'சத்து ஊசிதான்' என்று சொன்னால், சொன்னவரின் மனம் நோகாதிருக்க அவர் நம்பியதுபோல் தலையாட்டுவார்.

பரஸ்பரப் பாசாங்கு தொடங்குவது அந்தத் தலையாட்டலில்தான். மாரடைப்புக்குப்பின் தம்பதியர் நடந்துகொண்ட விதத்தை ஆராய்ந்த ஜேம்ஸ் கோய்னும் டேவிட் ஸ்மித்தும் 1991இல், துணையின் மனம் கலங்காதிருக்கத் தன் கவலையை மறைத்து, கருத்து வேறுபாடுகளில் விட்டுக்கொடுத்துப் போவதை, துணையைக் காக்கும் மறைப்பு எனப் பொருள்படும் பெயரால் வரையறுத்தனர். அவ்வாறு மறைத்த மனைவியரின் மன உளைச்சல் கூடுதலாக இருந்ததையும் கண்டனர். கணவன் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுவதும், மனைவி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துத் தூங்குவதுபோல் கிடப்பதும் ஒரே இரவில் ஒரே வீட்டில் நடக்கின்றன. இந்த நடிப்பை முற்றிலும் கண்டிக்க முடியாது. சில மாலைகளை அது காப்பாற்றித் தருகிறது. கேடு எங்கே என்றால், பேச வேண்டியவை அதற்குள் பேசப்படாமலே போய்விடுகின்றன. வீட்டுப் பத்திரம் யார் பெயரில் என்பதிலிருந்து, கடைசியில் ஐசியுவில் குழாய் செருக வேண்டுமா வேண்டாமா என்பதுவரை எல்லாம் அவற்றில் அடங்கும்.

*

மூன்றாவது கேள்வியைத் துணைவர்கள் பெரும்பாலும் வேறொரு வடிவில் கேட்கிறார்கள்: 'இன்னும் எவ்வளவு நாள்?' நிக்கோலஸ் கிறிஸ்டாகிஸும் எலிசபெத் லமோன்ட்டும் 2000இல் வெளியிட்ட ஆய்வில், இறுதிக்கட்ட நோயாளிகள் 468 பேரின் எஞ்சிய நாட்களை அவரவர் மருத்துவர்கள் மதிப்பிட்டார்கள். ஓரளவு சரியாக அமைந்தவை ஐந்தில் ஒரு பங்கே. சராசரியாக அவர்கள் ஐந்து மடங்குக்கு மேல் கூட்டிச் சொல்லியிருந்தார்கள். நோயாளியை நெடுநாள் அறிந்த மருத்துவர் இன்னும் அதிகமாகத் தவறினார். நேசம் கணக்கைக் கெடுக்கும் என்பது மருத்துவருக்கே பொருந்துமானால், துணைவரின் கணக்கைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. எதிர்த்திசைப் பிழையும் உண்டு. உயிரியலாளர் ஸ்டீபன் ஜே கூல்டுக்கு 1982இல் வயிற்றுறைப் புற்று கண்டறியப்பட்டபோது, அந்நோயில் இடைநிலை ஆயுள் எட்டு மாதம் என்று நூலகத்தில் படித்தார். இடைநிலை என்பது பாதிப்பேர் அதற்குமுன் இறந்தனர், பாதிப்பேர் அதற்குப்பின்னும் வாழ்ந்தனர் என்ற அளவு மட்டுமே. அப்பின்பாதியின் வால் எவ்வளவு நீளம் என்பதை அது சொல்லாது. கூல்டு அந்த வாலில் இருபதாண்டுகள் வாழ்ந்தார்.

எண் கைகொடுக்காத இடத்தில் துணைவர் செய்யக்கூடியது, எஞ்சிய காலத்தின் தன்மையைக் கவனிப்பது. அதற்குரிய மருத்துவத் துறை தணிப்புச் சிகிச்சை எனப்படுகிறது: வலி, மூச்சிரைப்பு, உறக்கமின்மை, அச்சம், குடும்பத்தின் குழப்பம் ஆகிய எல்லாவற்றையும் ஒருங்கே கவனிப்பது. லண்டனில் 1967இல் புனித கிறிஸ்டோபர் இல்லத்தைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ், உடலிலும் மனத்திலும் உறவிலும் ஆன்மாவிலும் பரவிய இத்துன்பத்தை முழுமை வலி என்றார். 1993இல் கோழிக்கோட்டில் தொடங்கிய சங்கம் இதை வீடுதோறும் கொண்டுசெல்லக் கேரளத்தில் வழிகாட்டியது. 'இனி ஒண்ணும் பண்ண முடியாதுன்னு கைவிட்டுட்டாங்க' என்பதற்கான இன்னொரு பெயராகவே தமிழ் வீடுகள் பலவற்றில் இது இன்றும் புரிந்துகொள்ளப்படுகிறது. அந்தப் புரிதலுக்கு எதிரான சான்று 2010இல் கிடைத்தது. பரவிய நுரையீரல் புற்றுள்ள 151 பேரிடம் ஜெனிஃபர் டெமலும் அவரது குழுவினரும் பாஸ்டனில் நடத்திய ஆய்வில், தொடக்கத்திலிருந்தே வழக்கமான சிகிச்சையோடு தணிப்புச் சிகிச்சையும் பெற்றோர் இடைநிலையாக 11.6 மாதங்களும், அதைத் தொடக்கத்தில் பெறாதோர் 8.9 மாதங்களும் வாழ்ந்தனர். முன்னவரின் மனச்சோர்வும் குறைவாக இருந்தது.

உடனிருப்பவரும் ஓர் உடல் என்பதை இவ்விடத்தில் மறக்கலாகாது. அமெரிக்காவில் 66 வயதுக்கு மேற்பட்ட தம்பதியரை ரிச்சர்ட் ஷூல்சும் ஸ்காட் பீச்சும் நான்காண்டுகள் தொடர்ந்து கவனித்தபோது, துணையைப் பராமரிப்பதில் நெருக்கடிக்குள்ளானோர், அச்சுமையில்லாதோரைவிட 63 விழுக்காடு கூடுதலாக இறந்ததை 1999இல் பதிவுசெய்தனர். சுமை இருபாலரிடமும் ஒன்றுபோல் விழுவதும் கிடையாது. கடும் நோயுற்ற 515 அமெரிக்கர்களைப் பற்றிய 2009ஆம் ஆண்டு ஆய்வில், நோயாளி கணவனாக இருந்தபோது நூற்றுக்கு மூவரளவும், மனைவியாக இருந்தபோது நூற்றுக்கு இருபத்தொருவரளவும் மணவாழ்க்கை முறிந்திருந்தது. மணமுறிவு அரிதான சமூகத்தில் இதே ஏற்றத்தாழ்வு வேறு உருவில் நிலவுகிறது: நோயுற்ற மனைவி தாய்வீட்டுக்கு அனுப்பப்படுகிறாள், நோயுற்ற கணவனுக்கோ மனைவியே வார்டுத் தரையில் பாய் விரிக்கிறாள்.

*

அமெரிக்கக் கவிஞர்கள் டொனால்ட் ஹாலும் ஜேன் கென்யனும் நியூ ஹாம்ப்ஷயரில் ஒரு பழைய பண்ணைவீட்டில் வாழ்ந்தவர்கள். கணவருக்கு மனைவியைவிடப் பத்தொன்பது வயது கூடுதல். 1989இல் ஹாலுக்குப் பெருங்குடல் புற்று வந்தது. 1992இல் அது கல்லீரலுக்குப் பரவித் திரும்பியது. கல்லீரலின் பெரும்பகுதி அறுத்தெடுக்கப்பட்டது. அவர் முதலில் போவார் என்று இருவரும் எண்ணியிருக்க, 1994 ஜனவரியில் கென்யனுக்கு இரத்தப் புற்று கண்டறியப்பட்டது. சியாட்டில் நகரில் எலும்பு மச்சை மாற்றம் செய்து வீடு திரும்பியபின், 1995 ஏப்ரலில் நோய் மீண்டும் வந்தது. இனிச் செய்வதற்கொன்றுமில்லை என்று மருத்துவர்கள் கூறிவிட்டனர். அதன்பின் அவர் பதினொரு நாட்கள் இருந்தார். அந்நாட்களில் இருவரும் சேர்ந்து அவருடைய தொகைநூலுக்கான கவிதைகளைத் தேர்ந்தார்கள், இரங்கல் குறிப்பை எழுதினார்கள், இறுதிச்சடங்கில் பாட வேண்டிய பாடல்களைக் குறித்தார்கள். நாற்பத்தேழு வயதில் கென்யன் மறைந்தார். தொகைநூல் அடுத்த ஆண்டு வெளிவந்தது. நோய் திரும்பியவராக மூன்றாண்டு முன்பே அச்சுறுத்தப்பட்ட ஹால், 2018வரை வாழ்ந்தார்.

ஒரே வீட்டில் திரும்பிவந்த இரு நோய்களில் ஒன்று கால்நூற்றாண்டைத் தந்தது, மற்றது இரண்டு வாரத்தைக்கூட முழுமையாகத் தரவில்லை. எது எப்படி முடியும் என்பதை அவ்விருவரில் ஒருவரும் முன்கூட்டி அறிந்திருக்க வழியில்லை. நெடுங்காலம் கிடைக்கும் என்றோ கிடைக்காது என்றோ பந்தயம் கட்டி வாழ்வது பயனற்றது என்பதற்கு அவர்கள் வாழ்வே சான்று. அந்தப் பதினொரு நாட்களில் ஹால் செய்தது, நோயாளியாகிவிட்ட மனைவியைக் கவிஞராகவே நடத்தி, அவருடைய வேலையை அவரோடு உட்கார்ந்து செய்து முடித்தது. எல்லா இல்லங்களிலும் தொகைநூல் இருக்காது. மகளின் கல்லூரிச் சேர்க்கை, தங்கையோடு பேச்சறுந்த பகை, யாருக்கும் எழுதித் தராத ஊறுகாய்ப் பக்குவம், விற்கக் கூடாதென்று நினைக்கும் நிலம் என்று ஏதோவொன்று எல்லா இல்லங்களிலும் இருக்கும்.

அதைக் கண்டறிய வேண்டுமானால் துணைவர் கேட்டாக வேண்டும்: எவ்வளவு தெரிந்துகொள்ள விருப்பம், யாருக்குச் சொல்லலாம், வருகிற மாதங்களில் எது நடந்தாக வேண்டும். விடைகள் ஒவ்வொரு ஸ்கேனுக்குப் பிறகும் மாறலாம், ஆகவே மீண்டும் மீண்டும் கேட்கவும் வேண்டும். கேட்பவர் தன் பங்குக்கு, இந்தச் சுமையில் எதைத் தன்னால் தூக்க முடியாது என்றும் சொல்ல உரிமையுள்ளவர். இந்தக் கேள்விகள் எழாத வீட்டில் மருத்துவமனையின் அட்டவணையே குடும்பத்தின் அட்டவணையாகி, எஞ்சிய காலம் முழுவதும் நோயின் கணக்கில் போய்ச் சேருகிறது. கேட்கப்படும் வீட்டிலும் நோய் அதே அளவில்தான் இருக்கும். அங்கே ஒரு பகுதி நாட்களேனும் அவற்றை வாழ்பவரின் விருப்பப்படி செலவாகும்.